வானம் பொய்த்த ஆண்டுகளும் நாம் கப்பலேறிய வரலாறும்



பருவநிலை மாற்றம் என்றவுடன் நம் மாணவர்கள் வரையும் படம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. உருகும் பனிப்பாறை, அதன்மேல் தனித்து நிற்கும் பனிக்கரடி, ஓரத்தில் புகை கக்கும் தொழிற்சாலை. அறிவியல் பாடத்தில் அது சரியான படம்தான். ஆயினும் வரலாற்றுப் பாடத்தில் அதே கேள்வியைக் கேட்டால் வேறொரு படம் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் படத்தில் கரடி இராது. வறண்ட கண்மாயும், விலை எட்டாத தானியக் கடையும், நாகப்பட்டினத் துறைமுகமும், கிள்ளான் சதுப்பு நிலமும் இருக்கும். மழை பொய்த்து, உணவும் நீரும் இன்றி, மக்கள் ஊர் விட்டு ஊர் பெயர்வது எங்கோ நடக்கப் போகும் செய்தியன்று. நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் அத்தியாயமே அதுதான்.

அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்த்துவிட்டு, பிறகு நம் கிள்ளான் பள்ளத்தாக்கின் இன்றைய நிலைக்கு வருவோம்.

தாது ஆண்டுப் பஞ்சம்

நம் முன்னோர் 'தாது வருசப் பஞ்சம்' என்று சொல்லிச் சொல்லி நடுங்கிய பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கியது. 1876இல் பருவமழை பொய்த்தது. குறிப்பாக, தமிழகத்துக்கு உயிரான வடகிழக்குப் பருவமழை அவ்வாண்டு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அடுத்த ஆண்டு, 1877இல், தென்மேற்குப் பருவமழையும் கைவிட்டது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று தக்காணம் முழுவதும் காய்ந்தது. சேலம், கோயம்புத்தூர், செங்கல்பட்டு, வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. இறந்தோர் தொகையைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த எண் இல்லை. குறைந்த கணக்குகளே 50 இலட்சத்தைத் தாண்டுகின்றன.

முன்னர் மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை அந்நாளில் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்றே நாம் அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அப்புதினம் அச்சேறியது 1879இல், அதாவது பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மழையின்மை பஞ்சமானது எப்படி?

இங்கே ஆசிரியர்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். மழை இல்லை, ஆகவே பஞ்சம் வந்தது என்று எழுதி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது பாதி உண்மையே.

அந்த ஆண்டுகளில் இந்தியாவில் தானியமே இல்லாமற் போகவில்லை. 1877–78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நின்றபாடில்லை; மாறாகப் பெருகியது. பஞ்சத்தைத் தீர்க்கும் என்று போற்றப்பட்ட இரயில் பாதைகள், உள்நாட்டுத் தானியத்தை விலை அதிகம் கிடைக்கும் இடங்களுக்கு இழுத்துச் செல்லவும் பயன்பட்டன. தந்தி வழியே ஓர் ஊரின் விலையேற்றம் மறுநாளே மற்றோர் ஊருக்குத் தெரிந்தது. வணிகர்கள் இருப்பைப் பூட்டி வைத்தனர். சந்தையில் தானியம் இருந்தது. கூலிக்காரன் கையில் காசில்லை. நிலமே காய்ந்துவிட்டபின் அவனுக்குக் கூலி ஏது?

ஆட்சியாளர் என்ன செய்தனர்? அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு 1877 சனவரி முதல் நாளில் விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் மாபெரும் தர்பாரை டில்லியில் நடத்திக்கொண்டிருந்தார். பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள் செலவைச் சுருக்குவதிலேயே கண்ணாயிருந்தார். நிவாரண முகாமில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். கடும் உழைப்புக்கு அது ஒருபோதும் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அந்த வாதம் உடனே எடுபடவில்லை.

ஆகவே, மழையைத் தடுத்தது வானம். மக்களைச் சாகவிட்டதும் ஊரைவிட்டுத் துரத்தியதும் விலை, கூலி, வரி, ஆட்சி ஆகியவை. இந்த வேறுபாட்டை மாணவன் உணர்ந்துகொண்டால், இனி வரப்போகும் காலத்தைப் பற்றியும் அவனால் தெளிவாகச் சிந்திக்க இயலும்.

பஞ்சத்திற்குப் பின் ஆட்சியாளரும் சில பாடங்களைக் கற்றனர் என்பதை மறைக்கலாகாது. 1878இல் பஞ்ச ஆணையம் அமைக்கப்பட்டது. 1880இல் அதன் அறிக்கை வந்தது. அதன் வழியே பஞ்சக் கால விதித்தொகுப்புகள் உருவாயின. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து மதுரைப் பக்கம் திருப்பும் பழைய திட்டத்திற்குப் பஞ்சமே வேகம் தந்தது. பென்னிகுவிக்கின் அந்த அணை 1895இல் பயனுக்கு வந்தது. ஆனால் அதற்குள் பல இலட்சம் மக்கள் மண்ணுக்குள் போய்விட்டனர். எஞ்சியவருள் பலர் கடல் கடந்துவிட்டனர்.

கப்பலேறியவர்கள்

பஞ்ச ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து பெருந்திரளாக மக்கள் சென்றது இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கே. அது அருகில் இருந்தது. நடந்தும் தோணியேறியும் சென்றுவிட முடிந்தது. மலாயாவுக்கு அப்போது வந்தோர் பெரும்பாலும் பினாங்கு, செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். சிலாங்கூரில் ஆங்கிலேயர் ஆதிக்கம் 1874இல்தான் தொடங்கியிருந்தது. கிள்ளான் பகுதியில் முதலில் காப்பியும், பிறகு 1900களில் ரப்பரும் பெருகியபோதுதான் தமிழர் வருகை வெள்ளமாயிற்று.

ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் அனைவரும் தாது ஆண்டுப் பஞ்சத்தால் வந்தவர்கள் என்று எழுதினால் அது வரலாறாகாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு இரயில்வே எழுத்தர்களாக வந்தவர்கள் உண்டு. வட்டித் தொழிலுக்கு வந்த செட்டியார்கள் உண்டு. கங்காணியின் ஆசை வார்த்தையை நம்பி வந்தவர்களும், சாதிக் கொடுமையிலிருந்து தப்பினால் போதும் என்று வந்தவர்களும் உண்டு.

பின் பஞ்சத்திற்கும் நம் வருகைக்கும் என்ன தொடர்பு? பஞ்சம் ஓர் ஆண்டில் வந்து மறு ஆண்டில் போய்விடுவதில்லை. மாடு செத்துவிட்டால் அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் உழ முடியாது. விதைநெல்லைத் தின்றுவிட்டால் கடன் வாங்கித்தான் விதைக்க வேண்டும். கடனுக்காக நிலம் போகிறது. நிலம் போனபின் மகன் கூலியாகிறான். அடுத்த முறை மழை தவறும்போது அவனைப் பிடித்து நிறுத்த ஊரில் எதுவுமே இருப்பதில்லை. 1896–97, 1899–1900 என்று இந்தியாவில் மீண்டும் மீண்டும் பஞ்சம் வந்தது. ஒவ்வொரு முறையும் வேர் இன்னும் கொஞ்சம் அறுந்தது. வேர் அறுந்தவனைத்தான் கங்காணி கப்பலேற்றினான். பஞ்சம் தள்ளியது, ரப்பர் இழுத்தது.

1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தோட்ட முதலாளிகளின் பங்களிப்பில் கப்பல் செலவு ஏற்கப்பட்டது. நாகப்பட்டினமும் சென்னையும் ஏறும் துறைகள். பினாங்கும், கிள்ளானை அடுத்த போர்ட் சுவெட்டன்ஹாமும் இறங்கும் துறைகள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலாயாவாழ் இந்தியர் 6 இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். 1938இல் இந்திய அரசு தொழிலாளர்களை உதவிப் பயணத்தில் அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி முறை முடிவுக்கு வந்தது.

வந்து சேர்ந்த இடம்

வறட்சிக்கு அஞ்சி வந்தவர்களுக்கு இங்கே காத்திருந்தது நீர்.

கோலாலம்பூரின் கதையே நெருப்பிலும் நீரிலும் தொடங்குகிறது. 1881 சனவரியில் தீ ஊரை அழித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் எஞ்சியதை அழித்தது. அத்தாப்புக் கூரைகளுக்கு மாற்றாகச் செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்ட வேண்டுமென்று சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கான செங்கற்சூளைகள் யாப் ஆ லோய் முயற்சியில் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் அருகே புக்கிட் கூடாவுக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையின் பணிகளிலும் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் தமிழர் உழைப்பு கலந்தது. அங்கிருந்த புகழ்பெற்ற 'நூறு வீடுகள்' குடியிருப்பு 1905இல் எழுந்தது. அண்மைக் காலத்தில் இடிக்கப்பட்டு இன்று நினைவாகிவிட்டது.

கிள்ளான் பக்கம் நிலம் இன்னும் தாழ்வானது. கடல் ஏறி இறங்கும் சதுப்பு. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்ட சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் தொழிலாளர்களை வீழ்த்தியது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து, வாய்க்கால் வெட்டி, புதரை அகற்றிக் கொசுவை ஒடுக்கிக் காட்டினார். உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளான் பெயர் பெற்றது அவ்வாறுதான். ஆனால் அந்த வாய்க்கால்களை வெட்டிய கைகளையும், வெட்டும் முன்னரே காய்ச்சலில் மடிந்தவர்களையும் நாம் அரிதாகவே நினைக்கிறோம். மண் அணைகளாலும் மதகுகளாலும் கடல்நீர் தடுக்கப்பட்ட நிலத்தின்மேல்தான் கிள்ளான் கரையோரத் தோட்டங்களும், பிற்காலத்தில் அத்தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் எழுந்த தாமான்களும் நிற்கின்றன.

அரிசி வராத ஆண்டு

1918இல் இந்தியாவில் பருவமழை மீண்டும் கடுமையாகப் பொய்த்தது. அப்போது மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பங்கைப் பர்மா, சயாம் நாடுகளிலிருந்தே பெற்றது. ரப்பர் நட்டு அந்தப் பணத்தில் அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்பதே அந்நாளைய கணக்கு. இந்திய அரசு தன் மக்களுக்காகப் பர்மா அரிசியைக் கட்டுப்படுத்தியது. சயாமிலும் விளைச்சல் குன்றி, 1919இல் ஏற்றுமதி நின்றது. மலாயாவில் விலை ஏறியது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. அரசு கோடிக்கணக்கான வெள்ளியை இழந்து வெளிநாட்டு அரிசியை வாங்கிக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது. தோட்டங்கள் தங்கள் தொழிலாளர்களுக்காக உணவுப்பயிர் நட வேண்டுமென்ற குரலும் அப்போதே எழுந்தது. பிறகு அரிசி மலிந்தது; குரலும் அடங்கிவிட்டது. 1942இல் ஜப்பானியர் வந்து, கப்பல் நின்று, மரவள்ளிக்கிழங்கே சோறாகிய காலத்தில்தான் அந்தப் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

தமிழகத்தில் தவறிய மழைக்கு அஞ்சி இங்கே வந்தவனின் தட்டில், இந்தியாவில் தவறிய மழை மீண்டும் கைவைத்தது. கடல் கடந்துவிட்டால் பருவமழையிடமிருந்து தப்பிவிடலாம் என்பது இல்லை.

கடலின் வெப்பம்

இந்தத் தொடர்பை அறிவியல் கண்டறிந்த கதையும் நம்மோடு தொடர்புடையது. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர், பருவமழை தவறப் போவதை முன்கூட்டியே சொல்ல வழி தேடினார். உலகெங்கும் கிடைத்த வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டபோது, பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதும், அங்கே இறங்கும்போது இங்கே ஏறுவதுமான ஊசலாட்டத்தைக் கண்டார். அவ்வூசலாட்டமும், பெரு நாட்டு மீனவர்கள் 'எல் நினோ' என்றழைத்த கடல் வெப்பமும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதை 1960களில் பியர்க்னஸ் விளக்கினார். 1877–78, 1918–19, 1997–98 ஆகியவை எல் நினோ ஆண்டுகள்.

எல் நினோ இயற்கையானது, மனிதன் உண்டாக்கியதன்று. ஆனால் மனிதன் இப்போது அதன் அடித்தளத்தையே சூடாக்கியிருக்கிறான். ஐக்கிய நாடுகளின் பருவநிலை அறிஞர் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பூமியின் வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட ஏறத்தாழ 1.1 பாகை உயர்ந்திருந்தது. 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் வறட்சி வரும்போது நிலம் விரைவில் காய்கிறது. மழை வரும்போது கொட்டித் தீர்க்கிறது. ஒரே காரணம் இரு துன்பங்களைத் தருகிறது.

1876உம் 2016உம்

இனி, வகுப்பறையில் அவசியம் சொல்ல வேண்டிய ஓர் ஒப்பீட்டுக்கு வருகிறேன். 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. அவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவமழை 1876க்குப் பின் பதிவானதில்லை. அதாவது, தாது ஆண்டின் வானமே 140 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது.

விளைவு என்ன? காவிரிப் படுகையில் பயிர் கருகியது. உழவர்களின் தற்கொலைகள் நாட்டை உலுக்கின. 2017 சனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அத்துயரத்தைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இலட்சக்கணக்கானோர் சாலையோரத்தில் பட்டினியால் சாகவில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறக் கூட்டம் நெரியவில்லை. ஏன்? ஊருக்கு ஊர் நியாயவிலைக் கடை இருந்தது. அங்கே விலையில்லா அரிசி இருந்தது. பள்ளியில் சத்துணவு இருந்தது. செய்தித்தாள் இருந்தது, வாக்குச்சீட்டும் இருந்தது.

மழையளவு ஏறக்குறைய ஒன்று. மக்களின் கதி வேறு. இடையில் நின்றது மனிதர் அமைத்த ஏற்பாடு. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அச்சத்தை மட்டும் ஊட்டாமல், இந்த ஒப்பீட்டையும் ஊட்டுவோம்.

எனினும் அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவர நேர்ந்தது. அரிசியைக் கிடங்கில் சேர்த்து வைக்கலாம். நீரை அவ்வாறு எளிதில் சேர்த்து வைக்க முடியாது.

நம் குழாயில் வரும் நீர்

நீரைப் பற்றிய பாடத்தை நம் பள்ளத்தாக்கு 1998இலேயே கற்றிருக்க வேண்டும். எல் நினோவால் மழை குறைந்து, லங்காட், செமெனி, கிள்ளான் கேட்ஸ் அணைகளின் நீர்மட்டம் சரிந்தது. ஏறத்தாழ 18 இலட்சம் மக்களுக்கு நீர்ப் பங்கீடு நடந்தது. காமன்வெல்த் விளையாட்டுகளை வரவேற்கத் தயாரான தலைநகரில் மக்கள் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தனர். அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அந்த வாளியின் எடை நன்றாகவே நினைவிருக்கும். 2014இல் சிலாங்கூர் ஆற்று அணை வற்றி, மீண்டும் மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது.

இன்று பகாங் மாநிலத்துச் செமந்தான் ஆற்று நீர், தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியே நம்மிடம் வருகிறது. பெரியாற்று நீரை மலையைக் குடைந்து மதுரைக்குத் திருப்பியதை இத்துடன் ஒப்பிட்டுச் சொன்னால் மாணவர்கள் வியப்பார்கள். அதே நேரத்தில் நாம் ஒன்றை உணர வேண்டும். நம் ஆறுகள் நமக்குப் போதவில்லை. அடுத்த மாநிலத்தின் மழையை நம்பியே நாம் வாழ்கிறோம்.

ஸ்ரீ மூடா

மறுபுறம், மிகுநீர். 1926, 1971 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்கள் கோலாலம்பூரை மூழ்கடித்தன. 1971 சனவரியில் தலைநகரில் மட்டும் 32 பேர் மாண்டனர். 180,000 பேர் பாதிக்கப்பட்டனர். அதன்பின் கிள்ளான் ஆற்று வெள்ளத் தணிப்புத் திட்டங்கள் வந்தன. 2007இல் ஸ்மார்ட் சுரங்கம் திறக்கப்பட்டது. நகரின் நடுப்பகுதிக்கு அவை பெரும் காப்பு.

ஆனால் 2021 டிசம்பர் 18ஆம் நாள் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது. கிள்ளானை ஒட்டிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் முழுதும் மூழ்க, மக்கள் கூரைமேல் ஏறி இரவைக் கழித்தனர். அரசு படகுகள் வருமுன்னே அண்டை அயலார் தங்கள் படகுகளோடு வந்தார்கள். நாடு முழுவதும் 50க்கு மேற்பட்டோர் இறந்தனர். 70,000க்கு மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினர். அவ்வெள்ளக் காலத்தின் இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் பாதியளவு சிலாங்கூரில் மட்டும்.

ஸ்ரீ மூடாவில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தோட்டத்தை விட்டு நகருக்கு வந்து, பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கிய முதல் சொந்த வீடு பலருக்கு அது. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, மகளின் சான்றிதழ்கள், திருமணப் படங்கள் எல்லாம் சேற்றோடு தெருவில் குவிந்து கிடந்ததைக் கண்டோம். வசதியுள்ளோர் சிலர் வேறிடம் போக முடிந்தது. வங்கிக் கடன் முடியாதோர் எங்கே போவது? வெள்ளம் வந்த வீட்டை வாங்க ஆள் வருமா? மாடு செத்த உழவனின் கணக்கும் இந்தக் கணக்கும் ஒரே வகைதான். இடப்பெயர்வு ஒரு நாள் வெள்ளத்தில் முடிவதில்லை. அதற்குப் பின் வரும் கடனில்தான் அது தொடங்குகிறது.

அரிசிப் பை

2023 சூலை 20ஆம் நாள் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. உள்நாட்டு விலை ஏறியதே காரணம். எல் நினோ அச்சமும் சூழ்ந்திருந்தது. அவ்வாண்டின் ஆகஸ்டு, 1901க்குப் பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. செப்டம்பர் முதல் நாள் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக உயர்ந்தது. உடனே எல்லாரும் விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டு அரிசியை நாடினர்; கடைகளில் அது காணாமற்போயிற்று. 2024 செப்டம்பரில் தடை நீங்கியது. 1919இன் நிகழ்வை அறிந்தவர்க்கு இது புதுமையாக இராது.

தஞ்சோங் காராங், செக்கிஞ்சான் வயல்களைக் காட்ட நாம் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். பச்சை வயலின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நாட்டுக்கு வேண்டிய அரிசி முழுவதும் இங்கே விளைவதில்லை, கணிசமான பகுதியை இன்னமும் கப்பல் கொண்டுவருகிறது என்பதையும் அந்த வரப்பில் நின்று சொல்லிவிட்டு வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு, தக்க நடவடிக்கை இல்லையெனில் 2050க்குள் 21.6 கோடி மக்கள் தத்தம் நாடுகளுக்குள்ளேயே இடம் பெயரக்கூடும் என்று கணித்தது. எண் பெரிதாயிருப்பதால் மனத்தில் தைப்பதில்லை. ஆகவே வகுப்பறைக்கும் வீட்டுக்கும் ஏற்ற சில சிறு பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, குடும்ப வரலாறு. தாத்தாவின் தந்தை எந்த மாவட்டத்திலிருந்து, ஏறத்தாழ எந்த ஆண்டில், எதனால் வந்தார் என்று பிள்ளை வீட்டில் கேட்டு எழுதி வரட்டும். முழு விடை கிடைக்காது. 'பொழைக்க வந்தோம்' என்ற ஒற்றைச் சொல்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கும் என்று பேசுவதே பாடம். பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவது, நீர்க் கணக்கு. வீட்டுக் குழாயில் வரும் நீர் எந்த ஆற்றிலிருந்து வருகிறது, மாதம் எவ்வளவு செலவாகிறது என்பதைக் கட்டணச் சீட்டைப் பார்த்து மாணவன் குறிக்கட்டும்.

மூன்றாவது, தாழ்நிலம். நம் தாமான் ஆற்றிலிருந்து எவ்வளவு தொலைவு, முன்பு அங்கே தோட்டமா, ஈயக்குட்டையா, சதுப்பா, வெள்ளம் வந்தால் மேடான இடம் எது என்பன பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை. பிறப்புச் சான்றிதழ்களையும் வீட்டுப் பத்திரத்தையும் நீர் புகாத உறையில் உயரத்தில் வைப்பது இன்றே செய்யக்கூடிய காரியம்.

நான்காவது, மனம். கிள்ளான் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வங்கதேசத்தார், நேப்பாளத்தார், இந்தோனேசியர் உழைக்கின்றனர். ஒவ்வொருவரும் ஏன் வந்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆற்றரிப்பில் நிலம் இழந்தவர் இருக்கலாம். கடனில் இழந்தவர் இருக்கலாம். நம் பாட்டனைக் 'கூலி' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்களே என்று நாம் இன்றும் வருந்துகிறோம். அப்படியிருக்க, 'பங்ளா' என்ற ஒரு சொல்லில் இன்னொருவனை நம் பிள்ளை அடக்கும்போது நாம் பேசாமல் இருக்கலாமா?

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்தது வான்சிறப்பைத்தான். அரசனும் அறமும் பொருளும் அதற்குப் பிறகே வருகின்றன. அந்த வரிசையை நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த அதிகாரத்தை நடத்தும் நாளில், தாது ஆண்டைப் பற்றியும் ஸ்ரீ மூடாவைப் பற்றியும் ஐந்து மணித்துளி பேசினால் போதும். குறள் அவர்கள் குடும்பத்தைப் பற்றியதாகிவிடும்.

உங்கள் குடும்பத்தில் இத்தகைய நினைவுகள் இருந்தால் எழுதி வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அவை தேவைப்படும்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்